சுந்தரி காட்டில் இல்லாத உள்ளான்

கவுஞ்சியில் சண்முகசுந்தரியைப் போலச் சந்தேகப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்கப் போகிறாள் என்பதைக் கண்டக்டர் காதுக்குள்தான் சொல்லுவாள். பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு அனுப்பும்போது ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துப் போட்டுவைப்பாள். வழியில் யாராவது மூட்டையை மாற்றினால் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்கு. இதுவரை யாரும் மாற்றியதில்லை. "மாத்தலேன்னா அந்தத் துணி கெடக்குறதாலதான் மதினி" என்பாள். இப்படிப்பட்டவளிடம் என்ன பேசி ஜெயிக்க முடியும்?

நான் வேலுத்தாய். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். மதினி என்று கூப்பிடுகிறாளே தவிர அவளுக்கும் எனக்கும் சொந்தம் எதுவும் இல்லை. ஊரில் அவள் மனசுவிட்டுப் பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நான் டீ போடும்போது பாலில் தண்ணீர் கலக்கிறேனா என்று எட்டிப் பார்ப்பதை அவள் ஒருநாளும் விட்டதில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் வரும்.

ஆனாலும் அவளை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. பூம்பாறையிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தபோது அந்த வீட்டுக்கு மேலே ஒரு காடு, கீழே பள்ளத்தில் ஒரு காடு என்று இரண்டு இருந்தன. காடு என்றால் மரம் நிற்கிற காடு இல்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற படிப்படியான நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம். சில வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். இயற்கையைப் படம் பிடிக்கிறோம் என்றார்கள். சுந்தரியே கிழங்கு அவித்துக் கொடுத்து உபசரித்தாள். அடுத்த மாதமே அவள் கொழுந்தன் மேல்காட்டை மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். வந்தவர்கள் படம் பிடித்தது எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கிழங்கு கொடுத்த கையை அதற்குப் பிறகு அவள் யாருக்கும் நீட்டவில்லை.

மிஞ்சியது பள்ளத்துக்காடு. அதன் அடிவாரத்தில் ஓர் ஊற்று. ஊற்றைச் சுற்றிக் கோரை மண்டிய சகதி. அந்தத் தண்ணீரில்தான் அவள் பூண்டு விளைகிறது. அந்தக் காடும் போய்விட்டால் இந்த வயசில் அவள் அடுத்தவர் காட்டில் களையெடுக்கத்தான் போக வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வராது. காட்டுமாடு வந்தால்கூட விரட்டிவிடலாம், கேமரா வந்தால் என்ன செய்வது என்பாள்.

அவள் வீட்டுக்காரர் சுப்புராஜ் அவளுக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற மனுஷன். என் கடைக்கு வந்தால் சத்தமே இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவார். ஒரே மகள் புவனாவைப் பழனியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மருமகன் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட சுந்தரி, சுப்புராஜை மட்டும் அந்தக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. "அவருக்கு என்ன தெரியும், பாவம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

இந்தத் தை பிறந்ததும் ஒருநாள் காலை. புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் பட்டாளத்துக்காரர்களைப் போலப் பச்சையும் பழுப்புமாக உடுத்தியிருந்தார்கள். கழுத்தில் பைனாகுலர். தோளில் தொங்கிய கேமரா ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். டீ குடித்துக்கொண்டே ஒருத்தர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அம்மா, இந்த எடத்துக்கு எப்படிப் போறது?"

போனில் மேலேயிருந்து எடுத்த படம். பச்சையாக ஒரு பள்ளம், அதன் ஓரமாக ஓடை, ஓடையை ஒட்டி எங்கள் ஊர் மொட்டைப் பாறை. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. சுந்தரியின் பள்ளத்துக்காடு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வழி கேட்டவர்களுக்கு வழி சொன்னேன். டீக்கடைக்காரி வேறென்ன செய்வாள்? அதற்காகச் சுந்தரி ஒரு வாரம் என் கடைப்பக்கமே வரவில்லை.

அங்கே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். பூண்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தால், போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் வரப்பில் நடக்கிறார். "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்... கொஞ்சம் முன்னாடி... இதோ, கரெக்டா இங்கதான்" என்கிறார். மற்றவர்கள் அந்த இடத்தில் நின்று நாலாபக்கமும் பார்க்கிறார்கள். நிலம் அளக்கிற ஆள் வேறு எப்படி நடப்பார்? நான் அங்கே நின்றிருந்தாலும் எனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

"யாருங்க நீங்க? என்ன பாக்குறீங்க?"

"ஒரு பறவை பாக்க வந்தோம்மா. காட்டு உள்ளான்."

"உள்ளானா? அதைப் பிடிச்சுக் கொழம்பு வப்பாங்க. ஜீப்பு போட்டு வந்து பாப்பாங்களா?"

"இது சாதாரண உள்ளான் இல்லம்மா. ரொம்ப அபூர்வம். இமயமலையில இருந்து பனிக்கு வருது. சகதியில நடந்து மண்ணுக்குள்ள மூக்கை விட்டுப் புழு திங்கும். இங்க ஒண்ணு இருக்குன்னு எங்க குரூப்ல போட்டிருக்காங்க."

"என் காட்டுல நெதமும் நான் நிக்கிறேன். எனக்குத் தெரியாம இமயமலையில இருந்து வந்துருச்சாக்கும்?"

அவர்கள் சிரித்தார்கள். வெயில் ஏறும் வரை கோரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பறவை தட்டுப்படவில்லை என்று சொல்லிக் கிளம்பினார்கள். போகும்போது "தொந்தரவு கொடுத்துட்டோம், மன்னிச்சுக்கங்கம்மா" என்று வேறு கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடைத்தான் சுந்தரியால் நம்ப முடியவில்லை. மேல்காட்டுக்கு வந்தவர்களும் இப்படித்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

மறுநாள் ஒரு கார். அதற்கு அடுத்த நாள் இரண்டு. கோயம்புத்தூர் வண்டி, மதுரை வண்டி, கேரளா வண்டி. எல்லோர் போனிலும் அதே சிவப்புப் புள்ளி. எல்லோரும் அந்த இடத்துக்கு வந்து நின்று கோரையைப் பார்த்தார்கள். யார் கண்ணிலும் பறவை படவில்லை. ஓரத்துப் பாத்தியில் பூண்டுத்தாள் மிதிபட்டு மடங்கிக் கிடந்தது. சுந்தரி முள்ளை வெட்டிப் போட்டாள். முள்ளைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

கோபம் ஆறாவிட்டாலும் சொல்லி அழ வேறு ஆள் இல்லாததால் ஒருநாள் என் கடைக்கே வந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்குறேன். நீங்க ஒரு சோலியா வடுகபட்டி போறீங்க. போன சோலி முடியல. சிரிச்சுக்கிட்டா திரும்பி வருவீங்க?"

"எரிஞ்சு விழுந்துக்கிட்டுத்தான் வருவேன்."

"இவங்க மட்டும் ஏன் சிரிச்சுக்கிட்டே போறாங்க? பறவை பாக்க வந்தவன் பறவையைப் பாக்காமப் போனா மூஞ்சி தொங்கணும்ல? தொங்கலேன்னா வந்த சோலி முடிஞ்சுருச்சுன்னுதானே அர்த்தம்?"

அதுவரை அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே அன்றைக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வனத்துறை வேலி போடப் போகிறது என்றார் ஒருத்தர். பெரிய ஓட்டல் வருகிறது என்றார் இன்னொருத்தர். கேமராவைத் தூக்கிக்கொண்டு யார் டீ கேட்டாலும் நானும் ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தேன். என் பாலைச் சந்தேகப்பட்டவளின் நோய் எனக்கும் தொற்றிக்கொண்டது.

இத்தனை பேரில் ஒரே ஒருத்தரைத்தான் சுந்தரி நல்லவர் என்றாள். நாச்சிமுத்து என்று பெயர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். கூட்டம் சேராமல் தனியாக பைக்கில் வருவார். கழுத்தில் அவருக்கும் ஒரு கேமரா உண்டு. சுப்புராஜோடு வரப்பில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். பூண்டை மிதிக்க மாட்டார். முதல் நாளே "பறவையைப் பாத்துட்டேம்மா, அந்தக் கோரைக்குள்ளதான் நிக்குது" என்று சொல்லிவிட்டார்.

"இவருதான் மதினி உண்மையான ஆளு. பாக்க வந்தாரு, பாத்தாரு. மத்தவங்க எல்லாம் பாக்க வந்ததா சொல்லுறாங்க, பாக்கவே மாட்டேங்குறாங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. நானும் அவருக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகுதான் அந்த மதுரைப் பெண் வந்தாள். ஸ்வேதா என்று பெயர், ஏதோ ஒரு பாங்கில் வேலை. ஊற்றுப் பக்கம் கால் வைத்ததும் சகதி அவளை முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. காலை உருவினாள், ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. சுந்தரி கையை விட்டு ஷூவை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் ஷூவும் ஒரு காலில் சேறுமாக அந்தப் பெண்ணை என் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உண்மையைச் சொல்லு. யாரு உங்களை அனுப்புனது? சொன்னாத்தான் செருப்பு."

"யாரும் அனுப்பலைங்க. குரூப்ல லொகேஷன் போட்டிருந்தாங்க, அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்." அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "சனி ஞாயிறு லீவுல வந்தேங்க. சத்தியமா பறவை பாக்கத்தான்."

"போட்டது யாரு?"

ஸ்வேதா போனைக் காட்டினாள். உலர்ந்த இலை நிறத்தில் கோடு கோடாக ஒரு பறவை. உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீள மூக்கு, அதன் நுனியில் சேறு. படத்துக்குக் கீழே நாயுடுபுரம் பழனிக்குமார் என்று பெயர் போட்டிருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். சுந்தரி ஷூவைக் கொடுத்தாள். கொடுக்கும் முன்னால் குழாயடியில் அதைக் கழுவியும் கொடுத்தாள். அவளைப் பற்றி இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் சுந்தரி கொடைக்கானலுக்குப் போனாள். வீட்டுக்காரரிடம் பழனி பஸ்ஸில் மகளுக்குப் பூண்டு கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாளாம். என்னிடம்கூடத் திரும்பி வந்த பிறகுதான் எல்லாம் சொன்னாள். நாயுடுபுரத்தில் விசாரித்தால், பழனிக்குமார் என்பவர் ஒரு சின்ன பேக்கரி நடத்துகிறவர். கையெல்லாம் மைதாவோடு பன் அடுக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"கவுஞ்சிப் பள்ளத்துக்காட்டுல உள்ளான் பாத்தது நீங்கதானா?"

அவர் முகம் மாறியதாம். "நீங்க யாருக்கா?"

"அந்தக் காட்டுக்காரி."

பழனிக்குமார் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "அது... காடா? யாரோ ஒருத்தரோட நெலமா? மேப்ல பாத்தா புல்லுமேடு மாதிரி இருந்துச்சுக்கா."

"பூண்டு உங்களுக்குப் புல்லா?"

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். அபூர்வமான பறவை கண்ணில் பட்டால் அது இருக்கிற இடத்தை உள்ளபடியே சொல்லிவிடக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கமாம். சொன்னால் கூட்டம் கூடும். சிலர் போனில் அதன் குரலைப் போட்டு ஏமாற்றிக் கூப்பிடுவார்கள். கோரைக்குள் இறங்கி விரட்டுவார்கள். பறவை அந்த இடத்தையே விட்டுவிடும். அதனால் லொகேஷனை வேண்டுமென்றே ஒரு மலை தள்ளிப் போடுவார்களாம். ஆள் இல்லாத புல்வெளியாகப் பார்த்துப் போடுவதாக நினைத்துக்கொண்டு சுந்தரியின் பூண்டுக்கு நடுவில் போட்டுவிட்டார். மேலேயிருந்து பார்க்கிற படத்தில் பூண்டும் பச்சை, புல்லும் பச்சை.

"வர்றவங்க கொஞ்ச நேரம் தேடிட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேங்க்கா. பறவைக்கு டிஸ்டர்ப் ஆகக் கூடாதுன்னுதான்..."

"பறவைக்குத் தொந்தரவு கூடாது. அதுக்கு என் பொழப்பைக் காட்டிவிட்டீங்க. அப்படித்தானே?"

பழனிக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருத்தியாக இருந்தால் இத்தோடு திட்டிவிட்டுத் திரும்பியிருப்பாள். சுந்தரி அதையும் நம்பவில்லை.

"நீங்க சொல்லுறது நெசம்னா அந்தப் பறவையை எனக்குக் காட்டுங்க."

"ஐயோ, அது முடியாதுங்க்கா. என் மச்சானுக்கே காட்டலை."

"காட்டலேன்னா நீங்களும் நெலம் பாக்க வந்த கூட்டந்தான். உங்க குரூப்பு வண்டி ஒண்ணு கவுஞ்சிக்குள்ள வரட்டும், ஊரையே கூட்டி நிறுத்துறேன்."

அவர் பேக்கரியைப் பக்கத்துக் கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு வேனை எடுத்தார். எங்கே கூட்டிக்கொண்டு போனார் என்று என்னைக் கேட்காதீர்கள். சுந்தரி எனக்கே சொல்லவில்லை. வேனை நிறுத்திவிட்டு நடந்தார்கள், பிறகு குனிந்து போனார்கள், கடைசியில் ஈரத்தில் படுத்துக்கொண்டார்கள். இதுவரைக்கும்தான் சொன்னாள். ஐம்பது வயசைத் தாண்டியவள், அந்தக் குளிரில் சேலை நனையப் படுத்துக் கிடந்திருக்கிறாள்.

முதலில் எதுவும் தெரியவில்லையாம். கோரையும் சருகும்தான். பழனிக்குமார் விரலால் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது சருகில் ஒரு கண் தெரிந்தது. கண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மூக்கும் முதுகும் தெரிந்தன. பறவை அசையாமல் நின்றது. வெகுநேரம் கழித்து ஒரு கால் எடுத்து வைத்தது, நின்றது, மறுபடியும் ஒரு கால்.

"அதுவும் என்னை மாதிரிதான் மதினி. யாரையும் நம்ப மாட்டேங்குது" என்றாள் என்னிடம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கிளம்பலாமா என்று பழனிக்குமார் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் இருப்போம் என்றாளாம்.

வேனுக்குத் திரும்பும் வழியில்தான் அவளுக்கு அது உறைத்தது.

"இது மாதிரி இன்னொண்ணு என் காட்டுல இருக்குமா?"

"இருக்க வாய்ப்பே இல்லங்க்கா. இந்தப் பக்கம் இந்த வருஷம் இது ஒண்ணுதான். அதனாலதானே இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கிறோம்."

"அப்ப, என் காட்டுல அதைப் பாத்தேன்னு ஒரு ஆளு சொன்னா?"

"தெரியாதவரா இருந்தா வேற ஏதாச்சும் உள்ளானைப் பாத்து ஏமாந்திருக்கலாம். படம் வச்சிருக்காரா?"

"வண்டியை வெரசா விடுங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

அவர்கள் வந்து இறங்கியது என் கடை வாசலில். நேரம் அப்படி. உள்ளே பெஞ்சில் சுப்புராஜும் நாச்சிமுத்துவும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குப் பூண்டு கொடுக்கப் போனவள் சேலையெல்லாம் சேறாக ஒரு வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்துச் சுப்புராஜ் திகைத்துப் போனார். சுந்தரி அவரைப் பார்க்கவே இல்லை. நேரே நாச்சிமுத்து முன்னால் போய் நின்றாள். குரலில் அப்படி ஓர் அன்பு. அவள் அன்பாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"இன்னைக்கும் பறவை இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சும்மா. காலையிலகூடப் பாத்தேன். அந்தக் கோரைக்குள்ளதான்."

"எனக்கு ஒரு தடவைகூடக் கண்ணுல படமாட்டேங்குது. படம் எடுத்திருப்பீங்கள்ல, காட்டுங்களேன்."

கழுத்தில் கேமரா தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை. பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சுந்தரி அதை வாங்கி, பின்னால் நின்ற பழனிக்குமாரிடம் நீட்டினாள்.

"இது நான் எடுத்த படம்" என்றார் பழனிக்குமார். "மூக்குல சேறு ஒட்டியிருக்கு பாருங்க. குரூப்ல போட்டது."

நாச்சிமுத்து போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க" என்றாள் சுந்தரி. "அந்தப் பறவை என் காட்டுல இல்ல. என்னைக்குமே இல்ல. அது எங்க நிக்குதுன்னு இப்பத்தான் பாத்துட்டு வாறேன். நெசமா பறவை பாக்க வந்தவங்க எல்லாம் பாக்காமப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் பாத்தேன்னு சொன்னீங்க. அப்ப உங்களுக்குப் பறவை சோலி இல்ல. வேற என்ன சோலி?"

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேனே என்று அந்த டம்ளரைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாச்சிமுத்து எழுந்தார். சுப்புராஜைப் பார்த்து, "நீங்க பேசிட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார். பைக்கை உதைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பேசிட்டுச் சொல்லுங்கண்ணே. கடையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. பழனிக்குமார் மெதுவாக வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். சுந்தரி இன்னும் பைக் போன திசையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரைத் திட்டாத சுந்தரி" என்றார் சுப்புராஜ். அவர் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை. "அவரு என்கிட்டக் கேக்கல. நான்தான் அவருகிட்டக் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"காட்டை வாங்கிக்கிறீங்களான்னு."

அடுப்பில் பால் பொங்கியது. நான் இறக்கவில்லை. சுந்தரி அவர் பக்கம் திரும்பினாள்.

"வர்றவங்க நெலம் பாக்கத்தான் வர்றாங்கன்னு நீ சொல்லிக்கிட்டே இருந்த. நெசமா இருந்தா நல்லா இருக்கும்னு நான் நெனச்சேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் பேச்சுக் குடுத்துப் பாத்தேன். எல்லாரும் பறவைன்னே சொன்னாங்க. இவரு ஒருத்தருதான் என்ன விலைன்னு திருப்பிக் கேட்டாரு. அபூர்வப் பறவை இருக்குறதால வனத்துறை எடுத்துக்கிருவாங்க, சட்டுனு குடுத்துருங்கன்னாரு. அது பொய்யின்னு இப்பத்தான் தெரியுது. ஆனா எனக்கு விக்கணும்னு தோணுனது பொய்யில்ல. பூசம் முடிஞ்சதும் கீழ போயி எழுதிக் குடுத்துரலாம்னு சொல்லிட்டேன்."

"ஏங்க?" என்றாள்.

"முடியல சுந்தரி. முட்டி போச்சு. வெள்ளனே அந்தப் பள்ளத்துல எறங்கும்போது உசுரு போகுது. ஏறும்போது உக்காந்து உக்காந்து ஏறுறேன். புவனா கூப்புட்டுக்கிட்டே கெடக்கு. அங்கன போயி வெயில்ல கொஞ்சம் உக்காரணும்னு இருக்கு."

"என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஜீப்புல வந்தவனை நிறுத்திக் கேட்ட. செருப்பை விட்ட புள்ளையைப் பிடிச்சுக் கேட்ட. கொடைக்கானல் வரைக்கும் போயிக் கேட்டுட்டு வந்திருக்க. என்கிட்ட ஒருநாளாச்சும் என்னன்னு கேட்டியா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஆள் வைத்துத் தேடியது போலத் தேடியவள், கூடவே படுத்து எழுந்த மனுஷனை விட்டுவிட்டாள். அவருக்கு என்ன தெரியும் பாவம் என்று சொல்லிச் சொல்லி அவரைப் பேச விடாமலே வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதே நேரத்தில் என் வீட்டில் யாரை நான் கேட்காமல் விட்டிருக்கிறேன் என்றும் ஒரு பயம் வந்தது.

பழனிக்குமார் அன்றைக்கு வேனில் உட்கார்ந்தபடியே லொகேஷனை எடுத்துவிட்டார். பறவை போய்விட்டது என்று குரூப்பில் ஒரு பொய்யும் போட்டுவிட்டார். கார்கள் நின்றுவிட்டன. நாச்சிமுத்துவும் வரவில்லை. பள்ளத்துக்காட்டை இன்னும் விற்கவில்லை. இந்தப் பூண்டு எடுத்த பிறகு பார்ப்போம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பேருமாக.

ஆனால் அன்றைக்குக் கடையில் அந்தப் பேச்செல்லாம் எழவில்லை. சுந்தரி பெஞ்சுப் பக்கம் வந்தாள். பிறகு சேறு காயாத சேலையோடு அப்படியே அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். வேட்டியை விலக்கிக் கையை வைத்தாள்.

"எந்த முட்டி?" என்று கேட்டாள்.